நியாகுத்தியின் வண்டிக்கு யார் எண்ணெய் ஊற்றுவது

நியாகுத்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவள்மேல் அல்ல, அவளுடைய கொழுந்தன் கிபூச்சிமேல். ஊரில் பாதிப் பேர் இன்னும் அவனைத் தங்கமான பிள்ளை என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். அன்றைக்கு அவர்களுடைய பாலும்தான் புளித்துப் போனது.

நியாகுத்தி எனக்குப் பக்கத்து வீடு. புருஷன் நிதிரிது இறந்தபோது அவளுக்கு மிஞ்சியவை கதோனி என்ற மகள், இரண்டு மாடுகள், ஒரு பழைய பெஜோ 404 பிக்கப். வண்டியை விற்றுவிடச் சொல்லி ஆளுக்கு ஆள் புத்தி சொன்னார்கள். அவள் நிதிரிதுவின் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். விடியும்போதே எங்கள் சரிவில் வீடு வீடாக நின்று பால் கேன்களை ஏற்றிக்கொண்டு, மேட்டைக் கடந்து ஞாபினியில் பால் குளிரூட்டும் நிலையத்தில் இறக்குவாள். கேன் மூடியைச் சரியாக மூடாதவர்களுக்கு அங்கேயே அர்ச்சனை நடக்கும். நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் மழைக்காலச் சேற்றில்கூட அவள் பாலைத் தாமதமாகச் சேர்த்ததில்லை. அவள் வராத நாளில் எங்கள் பால் பன்றிக்குத்தான் போகும்.

அந்த வண்டியின் உயிர் பின்அச்சின் நடுவில் இருந்தது. மற்ற வண்டிகளில் அங்கே இரும்புப் பல்லோடு இரும்புப் பல் உரசும். இந்தப் பழைய பெஜோவில் ஓர் எஃகுத் திருகு வெண்கலப் பல்சக்கரத்தைச் சுழற்றும். இப்போது கடையில் விற்கிற கியர் ஆயிலில் கந்தகச் சரக்கு கலந்திருக்கும். இரும்புக்கு அது காவல், வெண்கலத்துக்கு எமன். இதை நியாகுத்திக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நிதிரிது உயிரோடு இருந்தபோதே ஒரு சக்கரம் அப்படி அரித்துப் போய், கறவை மாட்டை விற்று, நகுரு நகரத்தின் பழைய இரும்புக் கடைகளையெல்லாம் சலித்து இன்னொன்றைப் பிடித்து வந்தார்கள். அதுதான் தன்னிடம் இருந்த கடைசி, இனி நாடு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்று கடைக்காரன் சொல்லி அனுப்பினான்.

அதற்கப்புறம் அவள் அந்தப் பின்அச்சுக்கு ஆமணக்கெண்ணெய் தவிர வேறெதையும் காட்டியதில்லை. முராங்கா ஊர்ப் பெண்கள் உடம்பில் பூசிக்கொள்ளச் சந்தையில் விற்கிற அதே எண்ணெய். நாளானால் பிசினாகிவிடும் என்று அடிக்கடி வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவாள். கல்யாணப் பெண்ணுக்குப் பூசுவதை வண்டிக்கு ஊற்றுகிறாளே என்று ஊரே சிரித்தது. மாப்பிள்ளை பார்த்தாயிற்றா என்று டீக்கடையில் கேட்பார்கள். பால் வேண்டுமா, கேலி வேண்டுமா என்று கேட்டுவிட்டு வண்டியை எடுப்பாள்.

இந்தக் கேலியில் கிபூச்சிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஞாபினிச் சந்தையில் அவன் வைத்திருப்பது ஆயில் கடை. சரக்கெடுக்க ஒரு ஜப்பான் பிக்கப்பும் உண்டு. டிரம்மிலிருந்து குவளையால் அளந்து கொடுப்பான். சந்தைக்கு வரும் டிரைவர்கள் கியர் ஆயில் வாங்கும் அழகே தனி. இரண்டு விரலில் தொட்டுத் தேய்ப்பார்கள், மூக்கருகே கொண்டுபோவார்கள், முகத்தைச் சுளிப்பார்கள். எவ்வளவு நாற்றமோ அவ்வளவு சத்து என்று கணக்கு. கந்தகம்தான் நாறுகிறது என்று எவன் யோசித்தான்? கிபூச்சியின் டிரம் மற்றவர்களுடையதைவிட நன்றாக நாறும். அதனால் நல்ல வியாபாரம். ஆனால் உன் அண்ணியே உன் எண்ணெயைத் தொடுவதில்லையாமே என்று எவனாவது குத்தினால் போதும், அன்று முழுவதும் அவன் முகம் கறுத்தே இருக்கும்.

போன வருஷம் கதோனிக்கு நியேரி ஆஸ்பத்திரியில் பிரசவம். வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். நியாகுத்தி மகளோடு இரண்டு மாதம் இருந்தே ஆகவேண்டும். பால் நிற்கக்கூடாது. எங்கள் சரிவில் பிக்கப் ஓட்டத் தெரிந்தவன் கிபூச்சி ஒருவன்தான். வேறு வழியில்லாமல் அவனிடம் சாவியைக் கொடுத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"ஓட்டு, கழுவு, டயருக்குக் காத்தடி. பின்னாடி எண்ணெய மட்டும் தொடாத, கிபூச்சி."

"சரி அண்ணி. நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க."

அவள் ஏறிய பஸ் கிளப்பிய புழுதி அடங்கியிருக்காது. வண்டியைத் தன் கடை வாசலில் நிறுத்தி, ஆமணக்கெண்ணெயைச் சாக்கடையில் வடித்துவிட்டு, சந்தையே பார்க்கத் தன் டிரம்மிலிருந்து ஊற்றினான். அண்ணி வண்டியும் இனி நம்ம எண்ணெய்தான் என்று எல்லாருக்கும் டீ வேறு வாங்கிக் கொடுத்தானாம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். சில வாரங்களில் மேட்டில் ஏறும்போது வண்டி அழுகிற சத்தம் கேட்டது. என்ன என்று கேட்டேன். வயசான வண்டி முனகாதா, நீங்க முனகலையா என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

அவள் திரும்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, மேட்டின் பாதியில் எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்க வண்டி நின்றது. பிறகு பின்னால் நழுவியது. கிபூச்சி குதித்துக் கல்லை முட்டுக் கொடுத்தான். வேறு வண்டி வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. நிலையத்தில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அத்தனை கேனையும் திருப்பி அனுப்பினார்கள்.

சேதி போனதும் நியாகுத்தி அன்று மாலையே வந்துவிட்டாள். பையைக்கூட வீட்டில் வைக்கவில்லை. நேராக வண்டிக்கு அடியில் புகுந்து, பின்அச்சின் அடைப்பாணியைக் கழற்றி, எண்ணெயைப் பால் கேன் மூடியில் பிடித்தாள். கரியாக வழிந்த எண்ணெய்க்குள் மஞ்சள் பொடி மின்னியது. அவளுடைய சக்கரத்தின் பற்கள்தான் அந்தப் பொடி. மூடியை அவள் என்னிடம் நீட்டியபோது கிபூச்சியின் டிரம் நாற்றம் அடித்தது. அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஆணியைத் திரும்ப மாட்டி முறுக்கினாள்.

அந்தச் சனிக்கிழமை குடும்பத்துப் பெரியவர்கள் அவள் வீட்டில் கூடினார்கள். அவளே டீ போட்டு, அவளே உருளைக்கிழங்கும் சோளமும் சேர்த்து முகிமோ பிசைந்து பரிமாற வேண்டியிருந்தது. சாப்பிட்டுவிட்டு நியாயம் பேசினார்கள். பையன் நல்ல மனதோடு செய்தான் என்றார் ஒருவர். கெடுக்க நினைத்தா ஊற்றினான் என்றார் இன்னொருவர். ஒரு ஆட்டைக் கொடுத்துவிட்டால் மனஸ்தாபம் தீர்ந்தது என்று முடித்தார்கள். தொடாதே என்று சொன்னதைத் தொட்டவனுக்கு நல்ல மனதாம்! ஆடு பால் கேனைச் சுமந்துகொண்டு மேடேறுமா?

பெரியவர்கள் தன் பக்கம் சாய்ந்ததும் கிபூச்சிக்குத் தெம்பு வந்துவிட்டது. "ஒரு சக்கரம் போனதுக்கா இவ்வளவு பஞ்சாயத்து? நைரோபியில எனக்குத் தெரியாத கடையா? ஒரே வாரத்துல மாட்டித் தரேன்."

டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த நியாகுத்தி நிமிர்ந்தாள்.

"ஆடு வேண்டாங்க. அவன் மாட்டித் தரட்டும். அதுவரைக்கும் என் வண்டி அவன் முற்றத்துல நிக்கட்டும், அவன் ஜப்பான் வண்டி என்கிட்ட இருக்கட்டும். நாளைக்குக் காலையில பால் போகணுமில்ல?"

ஒரே வாரம்தானே என்று பெரியவர்கள் கிபூச்சியைப் பார்த்தார்கள். அவன் சொன்ன வார்த்தை இன்னும் அவன் வாயிலேயே ஈரமாக இருந்தது. விழுங்க வழியில்லை. பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான். நல்லபடியாக முடிந்தது என்று பெரியவர்கள் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார்கள்.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷத்தின் இரண்டு மழைக்காலமும் போய்விட்டது. பெஜோ கிபூச்சியின் முற்றத்தில் நிற்கிறது, கோழிகள் அதனடியில் முட்டையிடுகின்றன. அவன் நைரோபிக்குப் போய்வந்தான், நகுருவுக்குப் போய்வந்தான், மொம்பாசாவுக்கு ஆள் அனுப்பினான். எங்கேயும் அந்தச் சக்கரம் இல்லை. சரக்கெடுக்க மட்டாட்டு வேனில் கூட்டத்தோடு இடித்துப் பிடித்துக்கொண்டு போகிறான்.

நியாகுத்தி அவனுடைய பிக்கப்பை நன்றாகத்தான் வைத்திருக்கிறாள். அதன் பின்அச்சில் எல்லாம் இரும்பு. அதற்கு ஆமணக்கெண்ணெய் ஊற்றினால் பல் போய்விடும், நாற்ற எண்ணெய்தான் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் எண்ணெய் மாற்றும் நாளில் நேராகக் கிபூச்சியின் கடைக்கே போவாள். டிரம்மில் விரலை நனைத்துத் தேய்த்து, எல்லாரும் பார்க்க மூக்கருகே கொண்டுபோவாள். போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன்.

"நல்லா நாறுது. ஊத்து," என்றாள். அவன் குனிந்து குவளையை நிரப்பிக்கொண்டிருக்கும்போது, "சக்கரம் கிடைச்சுதா, கிபூச்சி?" என்று கேட்டாள்.