நாலு மூலையும் தட்டிக் காட்டுங்க

எங்கள் கம்பெனி புத்தக அலமாரியைப் பலகை பலகையாகப் பிரித்து அட்டைப்பெட்டியில் அனுப்பும். வாங்கியவர்களே வீட்டில் வைத்து மாட்டிக்கொள்ள வேண்டும். பாதியில் திருதிருவென்று முழிப்பவர்கள் எங்களுக்கு ஃபோன் செய்வார்கள். அந்த ஃபோனை எடுக்கும் அறையில் மூன்று மேசைகள். ஜன்னலோரம் டொக்டொக் அக்கா, நடுவில் நான். மூன்றாவது மேசைக்கு யார் வந்தாலும் மூன்று மாதம் தாங்குவதில்லை.

அந்தப் பட்டப்பெயர் நான் வைத்ததுதான். தட்டு சிக்கிக்கொண்டது, முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை என்று யார் புலம்பினாலும் அக்கா ஒன்றுதான் சொல்வார்.

“ஃபோனைத் தட்டு மேல வைங்க சார். இப்போ நாலு மூலையும் விரலால தட்டிக் காட்டுங்க.”

கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எந்த மூலையில் தட்டைத் தாங்கும் முளையைத் தப்பான ஓட்டையில் சொருகியிருக்கிறார்கள், எந்தப் பக்கம் இறுகியிருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஒருமுறை, “முதல்ல மேல இருக்கிற புத்தகத்தை எல்லாம் இறக்குங்க சார்” என்றார். எதிர்முனையில் இருந்த ஆள் வீட்டில் கேமரா வைத்திருக்கிறீர்களா என்று சண்டைக்கு வந்துவிட்டார். இத்தனைக்கும் பதினொரு வருடத்தில் அக்கா தன் கையால் ஒரு அலமாரிகூட மாட்டியதில்லை. எல்லாம் காதிலேயே படித்த படிப்பு.

வினையும் அதில்தான் வந்தது. ஊழியர் சலுகையில் அக்காவும் ஒரு அலமாரி வாங்கினார். மாட்டியது அவருடைய வீட்டுக்காரர். அந்த மனுஷன் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ‘பிரேக், பிரேக்’ என்று கத்துகிறவருக்கு, தனக்கு யாராவது எதையாவது சொன்னால் மட்டும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை நடுத்தட்டு சிக்கிக்கொண்டது. அக்கா சோபாவில் இருந்தபடி வழக்கமான பாடத்தைத் தொடங்க, அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“ஒரு திருகாணியைத் தொட்டிருக்கியா நீ? ஃபோன்ல பேசுறதெல்லாம் ஒரு வேலையா?”

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அது அவர்கள் வீட்டு விஷயம் என்று விட்டுவிடலாம். ஆனால் திங்கட்கிழமையிலிருந்து அக்கா யாரையும் தட்டச் சொல்லவில்லை. அச்சடித்த தாளைப் பார்த்து ஒப்பித்தார். பில் போடும் பிரிவுக்கு மாற்றிவிடுங்கள் என்று ஒரு கடிதமும் எழுதி மேசைமேல் வைத்துவிட்டார். சனிக்கிழமை மாலை மேனேஜரிடம் கொடுப்பதாக முடிவு.

“அவர் சொன்னதுல என்ன தப்பு? நான் எதைத் தொட்டிருக்கேன்?” என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

சனிக்கிழமை மதியம் ஒன்றேகாலுக்கு அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். எனக்கு ஒரு அழைப்பு வந்தது. வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பேசுவது போன்ற குரல்.

“மேடம், தட்டு சிக்கிடுச்சு. கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க.”

ஆர்டர் எண்ணைக் கேட்டுத் தட்டினேன். திரையில் ‘ஊழியர் சலுகை’ என்று வந்தது. அதன் கீழே அக்காவின் பெயர். சாப்பாட்டு நேரம் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார் மனுஷன்!

“என்ன சார் அவ்வளவு அவசரம்?” என்றேன், ஒன்றும் தெரியாதவள் போல.

“வீட்டுல ஆறு நாளா பேச்சு இல்ல மேடம். வாயை வச்சுக்கிட்டு சும்மா இல்லாம ஒண்ணு சொல்லிட்டேன். அவ சாயங்காலம் வர்றதுக்குள்ள சரி பண்ணி வைக்கணும்.”

“இதுல கைதேர்ந்தவங்க ஒருத்தர் இருக்காங்க, லைன்ல இருங்க” என்று சொல்லி, என் ஹெட்ஃபோனைக் கழற்றி அக்காவின் தலையில் மாட்டினேன். இன்னொன்றை எடுத்து நானும் மாட்டிக்கொண்டேன். ஒட்டுக்கேட்டேன்தான், அதில் எனக்கு வெட்கமில்லை.

“வணக்கம். உங்களுக்கு என்ன உதவி வேணும்?”

அந்தப் பக்கம் ஒரு இருமல் மட்டும் கேட்டது. அக்கா என் திரையில் தன் பெயரைப் பார்த்தார், பிறகு என்னை முறைத்தார். ஃபோனை வைத்துவிடுவாரோ என்று அவர் கையையே பார்த்தேன்.

“சார்,” என்றார் கடைசியில். “ஃபோனைத் தட்டு மேல வைங்க. நாலு மூலையும் தட்டிக் காட்டுங்க.”

“சரிங்க மேடம்.”

டொக். டொக். டொக். டொக்.

அக்காவின் கை தானாகப் பேனாவைத் தேடியது. கைக்குக் கிடைத்த தாளில் தட்டை வரைந்து மூலை மூலையாகப் புள்ளி வைத்தார்.

“முளையெல்லாம் சரியாத்தான் இருக்கு. பக்கப் பலகைத் திருகாணியை ரொம்ப முறுக்கிட்டீங்க. ரெண்டு பக்கமும் தட்டைப் போட்டு நெருக்குது.”

“ஆடக்கூடாதுன்னு முடிஞ்ச மட்டும் முறுக்கினேன் மேடம்.”

“அரைச் சுத்து தளர்த்துங்க. இழுக்காதீங்க. உள்ளங்கையால கீழ இருந்து மேல ஒரு குத்து விடுங்க.”

கிறீச்சென்று ஒரு சத்தம். பிறகு, “வந்துடுச்சு! ஏய், வந்துடுச்சுடி!” என்று ஒரு கூச்சல்.

உடனே குரலை இறக்கி, “மன்னிச்சிடுங்க மேடம்.”

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். எப்போதும் கடைசியில் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

“வேற ஏதாவது உதவி வேணுமா சார்?”

“ஒண்ணே ஒண்ணு மேடம். ஃபோன்ல பேசுறதும் வேலைதான்னு எங்க வீட்ல ஒருத்தங்ககிட்ட சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

அக்கா பேனாவை மூடி வைத்தார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

“அவங்களுக்குக் கேட்டுடுச்சு சார்” என்று சொல்லி ஃபோனை வைத்தார்.

படம் வரைந்த தாளைத் திருப்பிப் பார்த்தேன். மேனேஜருக்கு எழுதிய கடிதம். அக்கா அதை வாங்கி, டப்பாவிலிருந்து சிந்திய குழம்பை அதிலேயே துடைத்தார்.

ஒவ்வொரு அழைப்பும் முடிந்ததும் வாடிக்கையாளர் ஐந்துக்கு மதிப்பெண் போடுவார். திரையில் வந்து விழுந்தது: நான்கு. அக்கா அதை உற்றுப் பார்த்தார். கைப்பேசியை எடுத்து, ஆறு நாளில் முதல்முறையாக வீட்டுக்கு ஃபோன் போட்டார்.

“ஏங்க, அந்த ஒரு மார்க் எங்கங்க?”