தெற்கு பார்த்த மண்

உமாமகேஸ்வரிக்குப் பொறுமை அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். பொறுமையாவது மண்ணாங்கட்டியாவது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருப்பதற்கு நம் ஆட்கள் வைத்த நல்ல பெயர் அது.

அவள் திருச்சிக்காரி. சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூட ஊழியர். அவளுடைய அறைக்கு ஜன்னல் கிடையாது. பூமியின் காந்தம் நுழையாதபடி சுவரெல்லாம் தகடு. கைப்பேசி, சாவி, பெல்ட் எல்லாவற்றையும் வெளியே தட்டில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். வேலை அனுமதி அவள் பேரில் இருந்தது. கணவன் சுரேந்தரும் மகள் ரக்ஷனாவும் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் தேக்கா பக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தார்கள். ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது.

அன்று காலை சுரேந்தர் கேட்டான். “பாப்பாவுக்கு அடுத்த வருஷ புக் லிஸ்ட் வந்துருச்சு. வாங்கிரவா?”

“சாயங்காலம் சொல்றேங்க. இன்னைக்கு டாக்டர் பேப்பர் அனுப்புறாங்க. அது போயிட்டா என் கான்ட்ராக்ட்ட நீட்டிருவாங்க.”

டாக்டர் என்றால் நிவேதிதா, ஆய்வின் தலைவி, இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவள் தேடியது மண்ணின் வயது. மண் படியும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய வடக்கைப் பார்த்துத் திரும்பி, அப்படியே இறுகிவிடும். பூமியின் காந்தமோ எப்போதாவது தலைகீழாகும். கடைசியாக ஆனது ஏறத்தாழ ஏழே முக்கால் லட்சம் ஆண்டுகளுக்கு முன். ஆகவே தெற்கு பார்க்கும் மண் அதற்கும் மூத்தது. தீவின் கிழக்கே பிடோக்கில் தோண்டியபோது அப்படி ஓர் அடுக்கு கிடைத்தது. பக்கத்துத் தெம்பனிஸில் முப்பத்திரண்டு மீட்டர் ஆழத்திலும் கிடைத்தால் இரண்டும் ஒரே காலம். கிடைத்துவிட்டது. மூன்று மாதமாக இருநூறு மண்கட்டிகளை அளந்து உமா கண்டுபிடித்தது அது.

காலை பதினொரு மணிக்குக் கருவியின் வாய்க்குள் ஒரு கட்டியை வைக்கக் குனிந்தாள். தாலிச் சங்கிலி சட்டைக்கு வெளியே வந்து தொங்கியது. திரையில் எண் துள்ளியது. பின்னால் நகர்ந்தாள், அடங்கியது. மறுபடி குனிந்தாள், மறுபடி துள்ளியது.

தங்கத்தைக் காந்தம் இழுக்காது, தாலி இருக்கலாம் என்று நிவேதிதாவே சொல்லியிருந்தாள். ஆனால் தாலிச் சங்கிலியில் ஓர் ஊக்கு தொங்கியது. துப்பட்டா குத்த அவசரத்துக்கு உதவுமென்று மூன்று மாதத்துக்கு முன் தேக்காவில் வாங்கி மாட்டியது. நம் பெண்களில் பாதிப்பேர் கழுத்தில் இது கிடக்கும், யாருக்கும் ஞாபகம் இருக்காது. வலுவில்லாத காந்தம் கொண்ட மண்ணை ஏமாற்ற அந்த எஃகு போதும்.

ஊக்கைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, மிச்சமிருந்த ஆறு கட்டிகளை அளந்தாள். ஆறும் வடக்கு.

அப்படியென்றால் மூன்று மாதமாக அளந்த தெற்கெல்லாம் ஊக்கு காட்டிய தெற்கு. மண்ணில் பிற்பாடு ஒட்டிய காந்தத்தைப் படிப்படியாகக் கழித்துத்தான் பழையதை அளக்கமுடியும். கடைசிப் படியில் பழையதும் போய்விடும். இருநூறும் போயாயிற்று, இந்த ஆறும் இப்போது போயாயிற்று. திரும்ப அளந்து அவளைக் குற்றம் சொல்ல உலகத்தில் ஒரு கட்டிகூட இல்லை. வாயை மூடிக்கொண்டால் ரக்ஷனாவுக்குப் புத்தகம் வாங்கலாம். கதவு பூட்டியிருக்கவில்லை, ஆனாலும் அரைமணி நேரம் அவள் எழுந்திருக்கவில்லை.

கதவுக்கு வெளியிலிருந்து நிவேதிதா கூப்பிட்டாள். “உமாக்கா, அந்த லாஸ்ட் சிக்ஸ் ஓகேவா? அஞ்சு மணிக்கு சப்மிட் பண்ணணும் லா.”

உமா வெளியே வந்து, உள்ளங்கையை விரித்து ஊக்கைக் காட்டினாள். “மூணு மாசமா இது என் கழுத்துல கெடந்துச்சு டாக்டர். இது இல்லாம அளந்தா மண்ணு வடக்கத்தான் பாக்குது.”

நிவேதிதா ஊக்கை வாங்கி மேசையில் வைத்தாள். பிறகு கணினியை மூடினாள். “மறுபடி மண்ணத் தோண்டி கோர் வெட்டணும். ஃபண்டிங் இருக்கான்னே தெரியல. உங்க ரினியூவலுக்கு நான் என்ன காரணம் எழுதுவேன்கா?”

“தெரியல டாக்டர்.”

“சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.”

“அதுவும் தெரியும்.”

தட்டிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். புத்தகக் கடையில் வரிசையில் நின்றபடி சுரேந்தர் செய்தி அனுப்பியிருந்தான். பக்கத்தில் ரக்ஷனா புதுப் புத்தகங்களை மார்போடு அணைத்துச் சிரிக்கும் படம். கீழே ஒரே சொல்: “வாங்கிரவா?”