சிவப்புத் துணி கட்டிய பதினொரு பயிர்

அந்த இரண்டு நாளில் நான் ஒருவரை மூன்று முறை அடித்தேன். என்னைப் பதினேழு முறை அடித்தார்கள். இப்போது காலையில் மாத்திரை போட்டேனா என்பதே மறந்துபோய், அட்டையை எடுத்துக் காலிக் குழிகளை எண்ண வேண்டியிருக்கிறது. அந்த இருபது அடி மட்டும் மறக்கவில்லை.

எழுபதுகளின் கடைசி. காரைக்காலை ஒட்டிய பூவத்துக்குப் பக்கத்தில் ஒரு விதைப்பண்ணையில் ஆராய்ச்சி உதவியாளனாக இருந்தேன். வெளியூர் அணு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றிலிருந்து எங்களுக்கு ஒரு பை நெல் வந்தது. கோபால்ட்டின் அணுக்கரு சிதையும்போது கிளம்பும் காமா கதிரை அதன்மேல் பாய்ச்சியிருந்தார்கள். கதிர் நெல்லுக்குள் புகுந்து, செல்லின் உட்கருவை அடிக்கும். அங்கே குரோமோசோம் ஒடியும். ஒடிந்தது தானே ஒட்டிக்கொள்ளும், ஆனால் பழைய இடத்தில் ஒட்டும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலான பயிர் சாகும், அல்லது மலடாகும். எங்கோ ஒன்று புதுக் குணத்தோடு எழுந்து நிற்கும். அந்த ஒன்றுக்காகத்தான் அத்தனை நெல்லையும் அடிப்பது.

அடிபட்ட நெல்லின் குணம் அதன் அடுத்த தலைமுறையில்தான் வெளியே தெரியும். அந்த அடுத்த தலைமுறையைச் சம்பாவில் நட்டோம். நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பயிர், நானே எண்ணினேன். ஐப்பசி மழையில் வயலே சாய்ந்து கிடந்தபோது, பதினொன்று மட்டும் குட்டையாக, விறைப்பாக நின்றன. கதிர் வெளியே வருமுன், பொதி என்னும் இலையுறைக்குள் இருக்கும்போதே, காலையில் அதன் இளம்பூக்களை எடுத்துச் சாராயக் கரைசலில் போட வேண்டும். பிறகு சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் எண்ண வேண்டும். பன்னிரண்டு ஜோடி குரோமோசோமும் ஒழுங்காக நின்றால் அந்தப் பயிர் தேறும். அடையாளத்துக்குப் பதினொன்றிலும் சிவப்புத் துணிக் கிழிசல் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஏழு மணிக்கு வந்தேன். பதினொன்றும் வரப்பில் வேர் மேலே தெரியக் குவிந்து கிடந்தன.

விதை வயலில் வேறு ரகப் பயிர் கலந்திருந்தால் அதைக் கலவன் என்போம். கலவனைக் கண்டு பிடுங்க எங்களிடம் ஒரு ஆள் இருந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். ஒன்பது வருஷமாகத் தினக்கூலி. அந்தப் பொங்கலுக்குள் அவரை நிரந்தரமாக்க எழுதிப் போயிருந்தது, மேலதிகாரியின் ஒரு கையெழுத்துதான் மிச்சம்.

"யோவ், யாரைக் கேட்டுய்யா பிடுங்கின?"

"துணி கட்டியிருந்திச்சே சார். நீங்க வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்னு…" சந்தோஷப்படுவேன் என்று நினைத்துச் சிரித்தார்.

பயிர் உயரம் அளக்கும் தேக்குக் கோல் கையில் இருந்தது. முதல் அடி தோளில், இரண்டாவது முதுகில். மூன்றாவதுக்கு அவர் வலக்கையைத் தூக்கினார். சத்தம் சிறியதுதான், பென்சில் ஒடிகிற அளவு.

போன பட்டத்தில் கலவனுக்கு அதே சிவப்புத் துணியைக் கட்டி, "துணி கட்டினதைப் பிடுங்கிடணும்" என்று அவரிடம் சொன்னவன் நான். இந்த முறை அப்படி இல்லை என்று சொல்ல மறந்தவனும் நான். இரண்டாவது அடியிலேயே அது நினைவுக்கு வந்துவிட்டது. மூன்றாவதை அதற்குப் பிறகுதான் அடித்தேன்.

களையெடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி சேற்றோடு ஓடி வந்தாள். "நெல்லுப் பயிருக்காவ மனுசனப் போயி அடிக்கிறீங்களே. நீங்கள்லாம் சோறுதான் திங்கிறீங்களா?"

அவள் அவரை ஆஸ்பத்திரிக்கு நடத்திப் போனபோது நான் வரப்பில் குந்தி, பிடுங்கிய பயிரின் பொதிகளைப் பிரித்து, பயிருக்கு ஒரு சீசாவாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் அவருடைய தம்பிகள் இருவரும் அக்கா மகனும் ஆய்வறைக்கு வந்தார்கள். இருநூற்றுப் பதினான்கு கண்ணாடித் தகடுகளை மிதித்து நொறுக்கினார்கள். இரண்டு பேர் என்னை மேசையில் குப்புற அழுத்திப் பிடித்துக்கொள்ள, மூத்த தம்பி மண்வெட்டிக் காம்பை எடுத்தான்.

"சாரு எல்லாத்தையும் எண்ணுவாராம்ல. இதையும் எண்ணுங்க. சத்தமா."

எண்ணினேன். ஒன்பதாவது அடியில் முகம் மேசை விளிம்பில் மோதி இரண்டு பல் போனது. ஒன்பது என்று வாயில் வரவில்லை.

"கேக்கல சார். மொதல்லேருந்து."

மறுபடி ஒன்றிலிருந்து எட்டு வரை போனது. அப்போது கலவன் எடுப்பவர் கையில் கட்டோடு வாசலில் வந்து நின்றார். "வுடுங்கடா. அந்த ஆளு செத்தா என் வேலை போயிரும்டா."

காவல் நிலையத்தில் ஏட்டையா, பயிரை ஏன் பிடுங்கினாய் என்று அவரிடம்தான் முதலில் கேட்டார். அவர், "துணி கட்டியிருந்திச்சுங்க. சாருக்கே தெரியுங்க. அவரையே கேளுங்க," என்றார்.

ஏட்டையா என் பக்கம் திரும்பினார். "துணி கட்டுனத பிடுங்கச் சொல்லி இவருகிட்ட எப்பவாச்சும் சொல்லியிருக்கீங்களா?"

அப்போது என் வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை.

"இல்லை," என்றேன். பல் இல்லாமலே அந்தச் சொல் தெளிவாக வந்தது.

மூன்று பேரும் சிறைக்குப் போனார்கள். அவருடைய கோப்பு கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. மறுநாளிலிருந்து அவரைப் பண்ணைக்குள் விடவில்லை. உடையாமல் தப்பிய சீசாக்களில் இருந்ததை நசுக்கிப் பார்த்தேன். பத்தில் குரோமோசோம் முறிந்து தாறுமாறாகக் கிடந்தது. ஒன்றில் பன்னிரண்டு ஜோடியும் வரிசையாக நின்றன. விதைக்க அதில் ஒரு மணிகூட இல்லை. அறிக்கையில் ‘பதினொரு பயிர்கள் பூச்சியால் அழிந்தன’ என்று எழுதினேன். என் கையால் எழுதிய கணக்குகளில் பொய் அது ஒன்றுதான்.

ஏழெட்டு வருஷம் கழித்துக் காரைக்கால் பஸ்ஸில் அவர் எனக்கு முன்னால் நின்றார். இடக்கையால் கம்பியைப் பிடித்திருந்தார். வலக்கை முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கமாக வளைந்து ஒட்டியிருந்தது.

"பல்லு கட்டிட்டீங்களா சார்?"

"ரெண்டு."

"துணி கட்டுனா பிடுங்கணும்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"ஆமா," என்றேன்.

"கேக்கல சார். சத்தமாச் சொல்லுங்க."

பஸ்ஸில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். எண்ணினேன். சொல்லவில்லை.