ஜெரால்டு காட்டப் போன கால்

கும்மிடிப்பூண்டி ஜெரால்டு எதற்கும் அடம்பிடிக்கிற ஆளே இல்லை. குழம்பில் உப்பில்லை என்றாலும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற ரகம். அப்பா காலம் முழுக்க அடுத்தவர் கழனியில் நாற்று பிடுங்கியவர். மகன் பத்தாவது முடித்ததும் ஒரு கம்பி மில்லில் சேர்ந்து, இருபத்திரண்டு வருஷம் ஷிப்ட் பார்த்து, இரண்டு ரூம் போட்ட சொந்த வீடும் கட்டினார். வம்பு தும்பு கிடையாது. அப்பேர்ப்பட்ட மனிதர் போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மகள் ஸ்நேகாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, “பள்ளிப்பட்டு வரைக்கும் போய்ட்டு வரேன்” என்றார்.

மனைவி ஹெலன் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டார். “இன்னாது, அவ்ளோ தூரம் இந்த லேடீஸ் சைக்கிள்லயா? அந்தக் காலை வெச்சிக்கினா? பஸ்ஸுல போனா இன்னா கொறஞ்சி பூடும்?”

“அவங்க குடுத்த ரத்தத்துல ஓடற காலு ஹெலன். அத பஸ்ஸுல ஒக்கார வெச்சி இட்டுக்கினு போய்க் காட்டறதா?”

கதை இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மில்லில் கம்பிக் கட்டு சரிந்து ஜெரால்டின் வலது தொடையைப் பிளந்துவிட்டது. திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் பாதி ரத்தம் போய்விட்டது. அவருடையதோ சுலபத்தில் கிடைக்காத ஓ நெகட்டிவ். செய்தி போன் போனாகத் தாவிப் போய், முன்பின் தெரியாத மூன்று பேர் வந்து நின்றார்கள். வந்தவரிடமெல்லாம் ஹெலன் பேரும் ஊரும் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைத்தார். பிறகு அதை வீட்டு பைபிளின் முதல் பக்கத்தில், குடும்பத்தின் பிறந்த தேதிகளும் ஞானஸ்நானத் தேதிகளும் எழுதுகிற இடத்தில், ஜெரால்டின் பிறந்த தேதிக்குக் கீழேயே எழுதிவிட்டார். பொன்னேரி சுப்பிரமணி. ஊத்துக்கோட்டை சின்னராசு. பள்ளிப்பட்டு பக்கம் சந்திரகலா.

‘குச்சி இல்லாமல் நடந்தாலே பெரிய விஷயம்’ என்று டாக்டர் சொல்லியிருந்தார். குச்சியைத் தூக்கிப் போடவே ஒரு வருஷம் ஆனது. அப்புறம்தான் இந்தச் சைக்கிள். குறுக்குக் கம்பி இல்லாததால் காலைத் தூக்கிப் போட வேண்டாம் பாருங்கள். ஆறு மாதம் தினமும் விடியற்காலையில் ஏரிக்கரையில் பழகினார். முதல் வாரம் கருவேலமுள் குத்தாத நாளில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் பைபிளைத் திறக்கிறபோது அந்த மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் காலை மூன்று பேருக்கும் காட்டி நன்றி சொல்லாமல் விடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

ஹெலன் மூன்று டப்பாக்களில் அச்சு முறுக்கு அடுக்கி முன்கூடையில் வைத்தார். சந்திரகலாவின் டப்பாவை வைக்கும்போது ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார்.

முதல் நாள் பொன்னேரி மார்க்கெட். சுப்பிரமணி வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். கும்மிடிப்பூண்டியிலிருந்து இந்தச் சைக்கிளில் வந்ததாகச் சொன்னதும் கடைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு, “யோவ், வந்து பாருங்கயா, இந்த ஆளுக்குள்ள ஓடறது என் ரத்தம்யா!” என்று அமர்க்களம் பண்ணிவிட்டார். ஜெரால்டுக்குக் கூச்சமும் தாங்கவில்லை, சந்தோஷமும் தாங்கவில்லை. நாஷ்டா வாங்கிக் கொடுத்து, இரண்டு கிலோ வெங்காயத்தையும் கேரியரில் கட்டித்தான் விட்டார்.

பெரியபாளையத்தில் தங்கி மறுநாள் ஊத்துக்கோட்டை. பங்க்சர் கடை சின்னராசுவுக்கு ஜெரால்டை ஞாபகமே இல்லை. “பத்து பன்னெண்டு வாட்டி குடுத்துட்டேண்ணா, யாருக்குன்னு எனக்கு இன்னா தெரியும்?” என்றவர், சைக்கிளைப் பார்த்ததும், “இந்தப் பின்வீல வெச்சிக்கினா வந்த? பேஜாரு புடிச்ச ஆளுண்ணா நீ” என்று அங்கேயே கவிழ்த்துப் போட்டு, ஆரக்கம்பிகளை இறுக்கிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள்தான் காலன் மாதிரி வந்தது. ஆந்திர எல்லை தாண்டி, நாகலாபுரம், நகரி வழியாகப் போகிற ரோடு. இந்தப் பக்கம் மாந்தோப்பு, அந்தப் பக்கம் கரும்பு. எதிர்காற்றோ சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறது. நகரி தாண்டியதும் வலது தொடை கல்லாக இறுகிவிட்டது. இறங்கி ஒரு மாமரத்தடியில் உட்கார்ந்து பிசைந்து பிசைந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். அந்த வழியாக வந்த பள்ளிப்பட்டு பஸ் நின்றது. “சைக்கிள மேல போட்டுக்கலாம், வா நைனா” என்றார் கண்டக்டர். ஜெரால்டு எழுந்தே விட்டார், ஐயோ, ஏறியும் இருப்பார். கூடையில் அந்த மூன்றாவது டப்பா கண்ணில் பட்டது. “இல்லைங்க, நீங்க போங்க” என்று கும்பிட்டார். அடுத்த இரண்டு மணி நேரம் பாதி தள்ளினார், பாதி மிதித்தார்.

பள்ளிப்பட்டில் விசாரித்ததில், கரும்புக்கார ஆதிநாராயணன் சம்சாரம்தான் சந்திரகலா என்று வழி காட்டினார்கள். அந்த அம்மாள் வீட்டு முன் களத்தில் காயப் போட்ட நெல்லைப் பலகையால் துழாவிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான உடம்பு.

“அக்கா, ரெண்டு வருசம் முன்ன திருவள்ளூர் ஆஸ்பத்திரில எனக்கு ரத்தம் குடுத்தீங்க. நான் ஹெலன் ஊட்டுக்காரன், ஜெரால்டு.”

சந்திரகலாவின் கையிலிருந்த பலகை கீழே விழுந்தது. அவர் ஜெரால்டின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

“நான் ரத்தம் குடுக்கல நைனா,” என்றார் மெல்ல. “வெரல்ல குத்திப் பாத்துட்டு, ஒனக்கே ரத்தம் பத்தலன்னு திருப்பிட்டாங்க.”

மூன்று நாள் மிதித்து, தொடை வெந்து வந்து நிற்கிறார் ஜெரால்டு. இந்த அம்மாளோ ஒரு சொட்டும் கொடுக்கவில்லையாம்! ஹெலன் பரிசோதனைக்கு முன்னாலேயே பேரை எழுதிவிட்டார் போலிருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் டப்பாவை நீட்டினார். சந்திரகலா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வேணாம் நைனா. குடுக்காததும் இல்லாம, நான் ஒரு தப்பும் பண்ணிட்டு வந்தேன். காலை எடுத்தாதான் உசுரு நிக்கும்னு ஒம் பொண்டாட்டிகிட்ட கையெழுத்து கேட்டாங்க. அந்தப் பொண்ணு பேனாவ எடுத்துடுச்சி. நாந்தான் புடுங்கி வெச்சிக்கினு, ‘பெரிய டாக்டர ஒரு வாட்டி கேளும்மா, ரத்தம் ஏறட்டும், அதுக்கப்புறம் போடு’ன்னேன். அவரும் காலைல வரைக்கும் பாக்கலாம்னாரு. நான் கடைசி பஸ்ஸுக்கு வந்துட்டேன். அதுக்கப்புறம் இன்னா ஆச்சின்னு கேக்க எனக்கு தைரியம் இல்ல. யாரோ ஒருத்தர் உசுர நாந்தான் எடுத்துட்டேனோன்னு ரெண்டு வருசமா சோறு எறங்கல.”

கையெழுத்து விஷயம் ஜெரால்டுக்கு இதுவரை தெரியாது. அங்கேயே நின்று ஹெலனுக்குப் போன் போட்டார். அந்த அம்மாள் சொன்னதைச் சொன்னார்.

“நான் பேனாவ எடுத்தத உங்ககிட்ட எப்டிங்க சொல்றது?” என்றார் ஹெலன் அழுதுகொண்டே. “அவங்க ரத்தம் குடுக்கலன்னு தெரிஞ்சிதான் அந்தப் பேர எழுதினேன். மத்த ரெண்டு பேரும் உங்க உசுரக் குடுத்தாங்க. காலு அந்த அக்கா குடுத்தது.”

மூன்று நாளாக வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த நன்றி வார்த்தைகளை ஜெரால்டு அப்படியே விட்டுவிட்டார். டப்பாவைச் சந்திரகலாவின் கையில் திணித்தார். சைக்கிளை எடுத்தார். ஏறி உட்கார்ந்து, வலது காலை அழுத்தி மிதித்து, காயும் நெல்லைச் சுற்றிக் களத்தின் ஓரமாகவே ஓட்டினார்.

“பாத்து நைனா, நெல்லு மேல ஏத்திடாத!” என்று கத்திய சந்திரகலாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

ஒரு சுற்று முடிந்தது. சந்திரகலா களத்து மேட்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். மூன்று நாள் குலுங்கியதில் முறுக்கு முழுக்கத் தூளாகிக் கிடந்தது. உள்ளங்கையில் கொட்டி வாயில் போட்டு மென்றபடி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னொரு சுத்து போ நைனா,” என்றார்.

ஜெரால்டு போனார்.