ஒன்பது பணிஸ், ஒரு ராசா

பேக்கரியில் வேலை செய்தவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை: திருநாள் என்றால் மற்றவர்கள் இருந்து சாப்பிடுகிற நாள், நாங்கள் நின்றபடி கால் மாற்றுகிற நாள். ஜேர்மனியில், எசன் நகரத்தில் எங்கள் கடையில், குழந்தை இயேசுவைக் காண மூன்று ராசாக்கள் வந்த சனவரி ஆறாம் திகதி, மூவிராசாக்கள் திருநாள் வந்தால் கால் மாற்றவும் நேரமிராது.

அன்றைக்குக் கடையில் நின்றவர்கள் ஆறு பேர். பேக்கர் பெர்ண்ட், அவர்தான் முதலாளி. கல்லாவில் அவருடைய மனைவி கிசேலா. விற்பனைக்கு மூன்று பேர்: போர்த்துக்கல்காரி பிலோமினா, கிரேக்கத்து எலேனி, எங்கள் மன்னார்ப் பிள்ளை சுகந்தி. பின்னால் தட்டுக் கழுவவும், பெர்ண்டுக்கு மாவில் கைகொடுக்கவும் நான், திரேசா.

*ஒரு லீவு, மூன்று பேர்*

பாஸ்காவுக்கு, உயிர்த்த ஞாயிறுக்கு, அடுத்த இரண்டு கிழமையும், பதினாலு நாளும், விற்பனையில் நின்ற மூன்று பேருக்கும் லீவு வேண்டும். பிலோமினாவின் மகளுக்குப் போர்த்தோவில் அந்த நாட்களில் பிள்ளை பிறக்க இருந்தது. எலேனிக்கு அவர்களுடைய பாஸ்கா; அந்த வருடம் அது எங்களுடையதற்கு ஒரு கிழமை பிந்தியது. சுகந்தியின் தம்பிக்கு மன்னாரில் கலியாணம். தவக்காலத்தில் கலியாணம் வைக்கக்கூடாது என்பதால் பாஸ்கா முடிந்த கையோடு வைத்திருந்தார்கள். இலங்கையில் சண்டை நின்று, சமாதானம் என்று மன்னாருக்குப் பாதை திறந்திருந்த காலம். பதின்மூன்று வருடமாக அவள் தாயைப் பார்த்ததில்லை. பாதை எத்தனை நாளைக்குத் திறந்திருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

பெர்ண்ட் ஒருவரைத்தான் விடமுடியும் என்றார். யாரை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நத்தார், கிறிஸ்மஸ் காலம் முழுக்க மூன்று பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் பாண் விற்றார்கள். கடைசியில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இங்கே இந்தத் திருநாளுக்கு ஒரு கேக் போடுவார்கள். பணிஸ் என்கிற இனிப்பு பன் ஒன்று நடுவில், சுற்றிவர எட்டு, ஒன்றோடொன்று ஒட்டி வேகும். ஏதோ ஒன்றுக்குள் விரல் நுனியளவு பீங்கான் ராசா ஒருவர் இருப்பார். அவர் யாருக்கு வருகிறாரோ அவர் அன்றைய ராசா. எங்களுக்கென்று ஒரு கேக் போட்டு மத்தியானம் கடை பூட்டியதும் பங்கிடுவது என்று பெர்ண்ட் அறிவித்தார். "ராசா யார் வாயில் வருகிறாரோ அவருக்கு லீவு. நான் பெயரும் பார்க்கமாட்டேன், கண்ணீரும் பார்க்கமாட்டேன்."

*அவரை விதை*

காலையில் கதவு திறந்ததிலிருந்து ஆட்கள். சொல்லிவைத்த கேக்குகள் ஒவ்வொரு நாட்டுக்கு ஒவ்வொரு விதம். ஸ்பெயின்காரருக்கு நடுவில் ஓட்டையோடு வளையம், மேலே சீனிப்பாகில் ஊறிய பழம். அதற்குள் ஒரு ராசாவும் ஒரு காய்ந்த அவரை விதையும் வைக்கவேண்டும். ராசா கிடைத்தவருக்குக் கடதாசி முடி. விதை கிடைத்தவர் கேக்குக்குக் காசு கொடுக்கவேண்டும்.

ஸ்பெயினிலிருந்து சுரங்க வேலைக்கு வந்து பென்சன் எடுத்த ஒருவர் ஒவ்வொரு வருடமும் வருவார். பிலோமினா, இந்த வளையத்தைச் சரியாகச் செய்யத் தெரிந்தது தங்கள் ஊருக்குத்தான் என்று அவரோடு வழக்கம்போல வாதாடினாள். அவர் அதைக் காதிலே போடவில்லை. பெட்டியைத் தூக்கி, அடியைத் தட்டி, விதை எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தார். வீட்டில் பதினொரு பேர், விதை ஒன்று, அவருக்கே வந்துவிட்டால் என்ன செய்வார் என்று, கேக் தட்டோடு முன்னுக்கு வந்த நான் கேட்டேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார். "விழுங்கிவிடுவேன் அம்மா. நாற்பது வருடமாக அப்படித்தான்."

*மேசைக்குக் கீழே*

பிரெஞ்சுப் பெண்மணி ஒருவருக்குப் பாதாம் அரைத்து உள்ளே வைத்த தட்டையான கேக். அவர்கள் வழக்கத்தில் வீட்டில் ஆக இளையவர் மேசைக்குக் கீழே போய் இருக்கவேண்டும். மேலே ஒருவர் துண்டைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்க, கீழே இருப்பவர் பெயர் சொல்லவேண்டும். அப்படியென்றால் ஒருவரும் கள்ளம் செய்ய ஏலாது. நல்ல வழக்கம். எனக்குப் பிடித்தது.

கிசேலாவுக்கும் பிடித்துவிட்டது. பிள்ளைகளெல்லாம் வளர்ந்து போய்விட்டார்களே, உங்கள் வீட்டில் இப்போது யார் கீழே போவது என்று அந்தப் பெண்மணியைக் கேட்டார். "என் கணவர்தான் என்னைவிட எட்டு மாதம் இளையவர். கீழே போய்விடுவார். அவரைத் திரும்ப வெளியே தூக்கி எடுக்கத்தான் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடவேண்டும்."

*என்னிடம் வந்தவர்கள்*

எங்கள் கேக்கில் ராசாவை வைத்தது நான். மா உருண்டை ஒன்றுக்குள் வைத்து மூடினேன். பிறகு பெர்ண்ட் ஒன்பதையும் மேசையில் உருட்டிக் கலந்து அடுக்கினார். எது என்று எனக்குத் தெரியாது. அதை ஒருவரும் நம்பவில்லை. கூடத்தில் கூட்டம் குறையும் போதெல்லாம் பின்பக்கம் ஆள் வந்தது.

பிலோமினா வெறும் தட்டோடு வந்தாள். "வாயால் சொல்லவேண்டாம். கண்ணால் காட்டு." எலேனி வந்தாள். "எப்படியும் உனக்கு லீவு வேண்டாம். உனக்கு வந்தால் எனக்குத் தா." பெர்ண்டும் வந்தார். அவர் தலையை மட்டும் நீட்டி, உங்களுக்கே வரட்டும், நீங்கள் எங்கும் போகமாட்டீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கழுவிய தட்டையே திரும்பவும் கழுவினேன்.

சுகந்தி மட்டும் வரவில்லை. நான்தான் பொறுக்கமுடியாமல் போய், பிள்ளை, நீ ஒன்றும் கேட்கவில்லையே என்றேன். பெட்டிக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள், முடிச்சு விழவில்லை. "கேக்கேல்லை அக்கா. தெரிஞ்சாலும் சொல்லாதேங்கோ. சொன்னா நான் அதைத்தான் எடுப்பன். பிறகு கலியாண வீட்டிலை நிண்டாலும் பிலோமினாவின்ரை முகம்தான் தெரியும்."

*பங்கு*

கடை பூட்டியது. ஒருவரும் கதிரையில் இருக்கவில்லை, மேசையைச் சுற்றி நின்றோம். பிரெஞ்சுப் பெண்மணி வீட்டு வழக்கப்படியே பங்கிடுவோம் என்று, கிசேலா மேசைக்குக் கீழே போவதற்குப் பதிலாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். பெர்ண்ட் துண்டைத் தொட்டு, "இது யாருக்கு?" என்றார். கிசேலா பெயர் சொன்னார். ஆறு பெயர், ஆறு துண்டு. பிலோமினா இரண்டு கடியில் முடித்தாள். எலேனி பல்லுக்குப் பயந்து நக்கி நக்கித் தின்றாள். சுகந்தி தன்னுடையதைத் தூளாக்கி, தூளுக்குள் விரல் விட்டுத் தேடினாள். என்னுடையதில் முந்திரிகை வற்றல், காய்ந்த திராட்சை, மட்டும் இருந்தது. ஆறிலும் ராசா இல்லை.

"அப்ப ஒருவருக்கும் இல்லை," என்றார் பெர்ண்ட். "ஒருவரும் போகவில்லை. சரிதானே?" அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. சுகந்தி என் ஏப்ரன் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

தட்டை எடுக்கப் போனவரின் கையை எலேனி தடுத்தாள். "மிச்சம் மூன்று. எங்கள் வீட்டில் மூன்று பங்கு எப்போதும் தனியாக வைப்போம். இது இயேசுவுக்கு, இது வீட்டுக்கு, இது ஏழைக்கு."

"வீட்டுப் பங்கை யார் தின்பது?" என்றாள் பிலோமினா.

"வீட்டுக்காரர்."

"கடை என்னுடையது. அப்ப அது எனக்கு," என்று பெர்ண்ட் சிரித்தபடி எடுத்து ஒரே கடியாகக் கடித்தார். உள்ளே கடக்கென்றது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளங்கையில் துப்பினார். முடியோடு ராசா.

"நான் விளையாட்டில் இல்லை," என்றார்.

பிலோமினா விடவில்லை. "முதலும் ஒரு துண்டு தின்றீர்கள், இப்போதும் தின்றீர்கள். இன்னும் எத்தனை தின்றால் விளையாட்டில் சேருவீர்கள்?"

"நான் லீவில் போனால் பாண் யார் போடுவது? கடையையே பூட்டவேண்டும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது: கடை பூட்டினால் எல்லோருக்கும் லீவு. கிசேலா அவர் பக்கம் திரும்பினார். அந்த இருவரும் சேர்ந்து லீவில் போனதை நான் ஒருநாளும் கண்டதில்லை. "பூட்டு, பெர்ண்ட். நாங்கள் எங்கே போகிறோம் என்று மட்டும் சொல்லு."

பெர்ண்ட் ராசாவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கடைசியில் கடற்கரையைத் தவிர எங்கு வேண்டுமானாலும் என்று முணுமுணுத்தார். எலேனியும் பிலோமினாவும் நத்தாருக்குப் பிறகு முதல் தடவையாக ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். சுகந்தி என் ஏப்ரனை விட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். கைத்தூளைத் தட்டிவிட்டு டெலிபோன் பக்கம் போனவள் பாதியில் நின்றாள். "அக்கா, இப்ப மன்னாரிலை எத்தினை மணி?"

ஒன்பது துண்டில் கடைசியாக மிஞ்சியது இரண்டு, ஒன்று இயேசுவுக்கு, ஒன்று ஏழைக்கு, என்னைத் தவிர அவர்கள் இருவரும்தான் எங்கள் கடையில் லீவு கேட்காதவர்கள்.