கல்பாதை மூடும் நேரம்

1. செவ்வாய்க்கிழமை வரி

திங்கட்கிழமை மாலை ஆறு நாற்பது. மொன்றியலின் வில்லரேயில் உள்ள எங்கள் பயண முகவர் அலுவலகத்தில் நானும் முதலாளி ஜெயசீலன் அண்ணையும் மட்டும் இருந்தோம். அடுத்த மாதம் கொரியாவுக்குப் போக இருந்த ஒரு குடும்பத்துக்காகக் கடல் வற்றும் நேர அட்டவணையைத் திறந்தேன். அவர்களுடைய தேதியைத் தேடிப்போன கண், வழியில் மறுநாள் செவ்வாய்க்கிழமையின் வரியில் நின்றுவிட்டது. கடல் வற்றும் நேரம்: காலை 7.10.

அந்த வரியை நான் இரண்டு நாளுக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

மொன்றியலில் திங்கள் மாலை என்றால் கொரியாவில் செவ்வாய் காலை. பதின்மூன்று மணித்தியால வித்தியாசம். எங்கள் ஆறு பேக்ஸ், அதாவது ஆறு பயணிகள், அந்த நேரம் அங்கே ஒரு சின்னத் தீவில் இருந்தார்கள். ஆறு பேரும் மொன்றியலின் மேற்குப் பக்கப் பியர்பொன்ட்ஸ்காரர்கள், ஒரே பங்குக் கோயில், சனிக்கிழமைகளில் சேர்ந்து நடக்கிறவர்கள். கூட்டி வந்தவர் ரெஜினா அக்கா. கார்டெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்த்து ஓய்வு பெற்றவர். "சியோலுக்கு எல்லாரும் போகினம். எங்களுக்குக் கடலும் மலையும் இருக்கிற சின்னத் தீவா ஒண்டு பாருங்கோ பிள்ளை" என்று என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர்.

தென்மேற்குக் கரையில் ஒன்றைத் தேடிக் கொடுத்தேன். மணல் கடற்கரை, கண்ணுக்கெட்டிய தூரம் சேற்றுவெளி, எதிரே ஒரு குன்றுடன் குட்டித் தீவு. இரண்டு தீவுக்கும் நடுவே ஒரு கல்பாதை. கடல் வற்றுவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்னும் இரண்டு மணித்தியாலம் பின்னும்தான் அந்தப் பாதை வெளியே தெரியும். மற்ற நேரம் அது கடல்.

வியாழக்கிழமை நடப்பதாகத்தான் முதலில் இட்டினரரியில், அதாவது பயணத் திட்டத் தாளில், போட்டிருந்தேன். வியாழன் காற்று வரும், ஃபெரி ஓடாது என்று செய்தி வந்ததால், சனிக்கிழமை உட்கார்ந்து தீவைச் செவ்வாய்க்கு முன்னுக்குக் கொண்டுவந்தேன். தங்குமிடம், ஃபெரி, பஸ், எல்லா வவுச்சரையும் மாற்றினேன். கல்பாதை வரியில் தேதியை மட்டும் மாற்றினேன். 'காலை 7.30க்குப் புறப்படவும். 10.15க்குள் திரும்பவும்' என்பது அப்படியே நின்றது.

கடல் வற்றுவது ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தும். இரண்டு நாள் முன்னுக்குப் போனால் ஒரு மணி நாற்பது நிமிடம் முந்தும். செவ்வாய்க்கிழமை அந்தப் பாதை ஒன்பது பத்துக்கு மூடும். என் தாளோ பத்தேகால் வரை நிற்கலாம் என்று சொன்னது.

அங்கே நேரம் ஏழு நாற்பது. அவர்கள் இறங்கியிருப்பார்கள்.

2. ஒன்றரை மணித்தியாலம்

ரெஜினா அக்காவின் ஃபோன் அணைத்திருந்தது. மற்ற ஐவருக்கும் எடுத்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஆறு பேருக்கும், 'உடனே திரும்பிப் போங்கோ, கடல் வரப்போகுது' என்று அனுப்பினேன். போய்ச் சேராமல் ஒற்றை டிக்கோடு நின்றது.

ஜெயசீலன் அண்ணையிடம் சொன்னேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் குரலை இறக்கித்தான் பேசினார்.

"பதறாதேங்கோ சுகந்தி. இன்னும் நேரம் கிடக்குது. தண்ணியைக் கண்டா அவையே திரும்பி வருவினம்."

"அண்ணை, அவை கையிலை என்ர தாள் இருக்குது. அதை நம்பிக்கொண்டு நிப்பினம்."

"சரி, எடுங்கோ. ஆனா பிழை எங்கட எண்டு வாயைத் திறந்திடாதேங்கோ. நாளைக்கு லோயர் கடிதம் வரும். கடையைப் பூட்ட வேண்டியதுதான்."

தங்குமிடம் நடத்துகிற அம்மாவுக்கு எடுத்தேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார். அவருக்குக் கொரிய மொழி மட்டும். எனக்கு அதில் வணக்கம் சொல்ல மட்டும் தெரியும். வணக்கம் சொன்னேன், அவரும் சொன்னார், அத்தோடு முடிந்தது. பிறகு, வெளிநாட்டுப் பயணிகளுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிற தொலைபேசிச் சேவை ஒன்று நினைவுக்கு வந்தது. காத்திருக்கும் இசை எட்டு நிமிடம் ஓடியது. அந்த எட்டு நிமிடமும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள். நான் விஷயத்தைச் சொன்னதும் தங்குமிட அம்மாவையும் அதே அழைப்பில் சேர்த்தாள். அவள் இரண்டு வசனம் சொன்னதும் அந்த அம்மா ஒரு சத்தம் போட்டார். ஃபோன் எங்கேயோ விழுந்த ஒலி கேட்டது.

"டிராக்டரை எடுக்கப் போய்விட்டார்" என்றாள் மொழிபெயர்ப்பாளர். "கடலோர மீட்புப் படைக்கும் நான் சொல்லட்டுமா?"

நான் ஜெயசீலன் அண்ணையைப் பார்த்தேன். மீட்புப் படை என்றால் செய்தியாகும், பேப்பரில் வரும் என்று அவர் யோசிப்பது தெரிந்தது. அவர் பதில் சொல்வதற்குள் நான் "யெஸ்" என்றேன்.

இங்கே எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மொழிபெயர்ப்பாளர் திரும்ப எடுத்தாள். சேற்றில் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த நான்கு பேரை அந்த அம்மா டிராக்டரில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார். மற்ற இருவரும் எதிர்த்தீவின் குன்றில் ஏறப் போய்விட்டார்களாம். திரும்பிப் போய்க் கூட்டிவர டிராக்டருக்கு இனி நேரம் இல்லை.

அந்த இருவர், ரெஜினா அக்காவும் அவருடைய கணவர் மரியதாஸ் அண்ணையும். மரியதாஸ் அண்ணைக்கு வலது முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து ஒரு வருடம்தான்.

3. "உங்கட தாளிலை பத்தேகால்"

எட்டு இருபத்தைந்துக்கு என் ஃபோன் அடித்தது. ரெஜினா அக்கா. குன்றின் உச்சியில் மகளுக்குப் படம் அனுப்ப ஃபோனைப் போட்டிருக்கிறார். என் அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்திருக்கின்றன. என் செய்தியை வாசிக்காமல், குன்றின் படிகளை இறங்கி முடித்ததும் எனக்கு எடுத்தார்.

"என்ன பிள்ளை, இத்தனை தரம் அடிச்சிருக்கிறீங்கள்? நாங்கள் இப்ப கீழை இறங்கீட்டம். பாதையிலை கொஞ்சம் தண்ணி வந்திருக்குது."

"அக்கா, பாதையிலை கால் வைக்காதேங்கோ. மேலை ஏறுங்கோ."

"கணுக்கால் அளவுதான். அங்காலை எங்கட ஆக்கள் கை காட்டுகினம். இவரின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு பத்து நிமிஷத்திலை வந்திடுவம்."

கை காட்டியது கரைக்கு வந்துவிட்ட நால்வரும். 'வராதே' என்று காட்டியது அவருக்கு 'வா' என்று தெரிந்திருக்கிறது.

"வேண்டாம் அக்கா. கடல் கெதியா ஏறும். நடுவிலை ஆழம்."

"உங்கட தாளிலை பத்தேகால் எண்டுதானே கிடக்குது. இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்குது. சும்மா பயப்பிடுறீங்கள்." பின்னால் மரியதாஸ் அண்ணையின் குரல்: "வா ரெஜினா, கதைச்சுக்கொண்டு நிண்டா இன்னும் ஏறிடும்." தண்ணீரில் கால் வைக்கும் சத்தம் கேட்டது.

எதிரே ஜெயசீலன் அண்ணை இரண்டு கையையும் ஆட்டி, வேண்டாம், சொல்லாதே என்றார்.

"அக்கா, அந்தத் தாள் பிழை" என்றேன். "திகதியை மாத்தேக்கை நேரத்தை மாத்த மறந்திட்டன். என்ர பிழை. ஒன்பது பத்துக்கே பாதை மூடியாச்சு. நீங்கள் இப்ப நிக்கிறது பாதை இல்லை, கடல். திரும்புங்கோ."

காற்றின் இரைச்சலுக்கு நடுவே ரெஜினா அக்கா கத்தினார், என்னை அல்ல, கணவரை: "இஞ்சை வாங்கோ! திரும்புங்கோ! அவ பிழையாப் போட்டிட்டாவாம்!"

இணைப்பு அறுந்துபோனது.

மீட்புப் படகு வந்தும், கரையை நெருங்க நீர் போதாமல் தூரத்தில் நின்றது. நீர் உயரும் வரை காத்திருந்து, அவர்கள் திரும்பி ஏறி நின்ற குன்றடிப் பாறையில் இருந்து எடுக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. இருவரும் பத்திரம் என்று செய்தி வந்தபோதுதான் நான் கதிரையில் உட்கார்ந்தேன். ஜெயசீலன் அண்ணை ஒரு கப் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

4. பிறகு

மறுநாள் காலை அவர் கேட்டார். "மாத்தின தாளை என்னட்டை ஒருக்காக் காட்டியிருக்கலாமே?"

"காட்டினனான் அண்ணை. நீங்கள் ஓகே எண்டு பதில் போட்டனீங்கள்."

அவர் கம்ப்யூட்டரில் போய்த் தேடினார். தன் பதிலைக் கண்டார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் எடுக்கவில்லை. ஆனால் அந்த வாரத்தில் இருந்து, கடல், ஃபெரி, மலை என்று வருகிற எந்தத் தாளையும் நான் வாசிக்க அவர் அட்டவணையைப் பார்ப்பார். சத்தமாகத்தான் வாசிக்க வேண்டும். நாள் மாறினால் பழைய தாளைத் திருத்துவதில்லை. அழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறோம்.

ஊர் திரும்பி ரெஜினா அக்கா அலுவலகத்துக்கு வந்தார். லோயர் கடிதம் அல்ல, ஒரு பை உலர்ந்த கடற்பாசி கொண்டுவந்தார். ஆனால் சிரிக்கவில்லை.

"நாங்கள் தங்கின வீட்டுக்கார மனுசி காலையிலை எங்களுக்கு ஒன்பது விரலைக் காட்டினவ. அங்காலை ஒன்பது வீடு இருக்குதாக்கும் எண்டு நினைச்சுத் தலையாட்டிப்போட்டு வந்தம்" என்றார். "ஒண்டு சொல்லுறன் சுகந்தி. உங்களிலை எனக்குக் கோபம் இருக்குது. அது கொஞ்ச நாள் இருக்கும்."

"இருக்கட்டும் அக்கா."

"இவர் முழங்கால் அளவு தண்ணிக்குள்ளை போயிட்டார். கவனம், பாத்து வாங்கோ எண்டு மட்டும் நீங்கள் சொல்லியிருந்தா நானும் பின்னாலை போயிருப்பன். பிழை உங்கட எண்டு சொன்னபடியாத்தான் தாளை விட்டிட்டு உங்களை நம்பினன்."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். தாள் பிழை என்று தெரிந்த நிமிடமே, அதை எழுதிய நீங்களே வாயால் சொல்லுங்கள். உங்கள் தாளை நம்பி ஒருவர் எங்கோ தண்ணீருக்குள் கால் வைத்துக்கொண்டிருக்கலாம்.