துபாயிலிருந்து நான்கு மணி நேரம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சென்னையை ஒட்டிய கரையான்சாவடியில் எங்கள் தெருவில் தொலைபேசி இருந்தது என் வீட்டில் மட்டும்தான். பத்திரிகை அலுவலகம் கொடுத்த இணைப்பு. பக்கத்து வீட்டுத் தையல்கார பாயின் மனைவி விடியற்காலையில் இறந்துபோனார். துபாயில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்த ஒரே மகனுக்கு நான்தான் செய்தி சொன்னேன். எட்டு மணிக்கு அவனே கூப்பிட்டான்.

“பதினோரு மணி பிளைட்டுல எடம் கெடச்சிருச்சுண்ணே. நான் மொகத்தப் பாக்காம அம்மாவ எடுத்துடாதீங்க. அத்தாகிட்ட சொல்லுங்க.”

அவர்கள் வழக்கப்படி உடலை வைத்திருக்க மாட்டார்கள். நண்பகல் தொழுகைக்குப் பிறகு எடுப்பதாக இருந்தது. பாய் கெஞ்சினார். ஜமாஅத் பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

“இன்னா தம்பி, நீ பேப்பர்காரன். கரெக்டா சொல்லு, எத்தினி மணிக்கு வருவான்?”

“மூவாயிரம் கிலோமீட்டர் இருக்கும். நாலு மணி நேரம். மூணு மணிக்கு இறங்கிடுவான். கஸ்டம்ஸ், டாக்ஸி எல்லாம் சேத்து அஞ்சுக்கு இங்க இருப்பான்.”

“அப்ப அஞ்சரை வரிக்கும் பாப்போம்.”

ஐஸ் கட்டி வந்தது. வாடகை நாற்காலிகள் வந்தன. பிற்பகலில் யாரோ சொன்னார்: “துபாய்லர்ந்து நாலு மணி நேரத்துல வரான். ஆவடிலர்ந்து காலைல கெளம்புன என் மச்சானக் காணோம்.” துக்க வீட்டிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். பாய் மெயின் ரோடு வரை போய்ப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்.

ஐந்தரை ஆனது.

“பிளைட்ட உட்டுட்டான் போல கீது பாய்,” என்றார் பெரியவர்.

பாய் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “இன்னும் வருவானா தம்பி?”

“வர்றதா இருந்தா இந்நேரம் வந்திருக்கணும் பாய்,” என்றேன்.

முகத்தைக் கடைசியாக ஒரு முறை காட்டி மூடினார்கள். அடக்கம் முடிந்து கடைசி மண் விழுந்தபோது மணி ஆறே கால். ஆறரைக்கு அவன் வந்தான். வீட்டில் பெண்களின் அழுகையைக் கேட்டதுமே புரிந்துகொண்டு அடக்கஸ்தலத்துக்கு ஓடி வந்திருந்தான். செருப்பு இல்லை.

“பிளைட்டு லேட்டாப்பா?” என்று பாய் கேட்டார்.

“இல்லத்தா. ஒரு நிமிஷம்கூட லேட் இல்ல. நாலரைக்குக் கரெக்டா எறங்கினேன்.”

அவன் சொன்னது அந்த ஊர்ப் பதினோரு மணி. அங்கே கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். வெளிநாட்டுச் செய்திகளில் இந்தக் கணக்கைத் தினமும் போட்டுத் திருத்துவது என் மேசை வேலை. அதை அடக்கஸ்தலத்திலேயே சொல்லியிருக்கலாம். பாய் மகனின் கையைப் பிடித்து ஈர மண்ணின் மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

“வழியில டிராபிக்கா?” என்றுதான் கேட்டேன்.

“ஆமாண்ணே. போரூர்ல ஒரு லாரி குறுக்க நின்னுடுச்சு. அரை மணி நேரம்.”

அதன்பின் ஒவ்வொரு விடுமுறைக்கும் வருவான். எனக்கு ஒரு சென்ட் பாட்டில் கொண்டுவருவான். கொஞ்ச நேரம் உட்கார்ந்து அந்த லாரிக்காரனைத் திட்டுவான். அவன் மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் அம்மாவைப் பார்த்திருப்பேன் என்பான்.

நான் தலையாட்டுவேன்.